வியாழக்கிழமைத் தீர்த்தம்

விவேக் நகர், பெங்களூரு
29.8.2025

மரியாதைக்குரிய பார்கவி மேடம் அவர்களுக்கு,

வணக்கம். என்னை உங்களுக்குத் தெரியாது. பெயர் இராஜமாணிக்கம், வேன் டிரைவர். காலையில் பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு போய் வைட்ஃபீல்டில் ஓர் ஆபீசில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்ப ஏற்றி வருவது என் வேலை. நடுவில் ஏழு மணி நேரம் அந்த ஆபீஸ் பார்க்கிங்கில் சும்மா உட்கார்ந்திருப்பதும் என் வேலைதான். இந்தக் கடிதத்தை ஸ்டியரிங் மேல் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருப்பதற்குப் பாதிக் காரணம் ஸ்டியரிங். மீதிப் பாதி, நான் எஸ்.எஸ்.எல்.சி. கணக்கில் இரண்டு முறை கோட்டை விட்டவன்.

மமதாவின் அப்பா என்றால் தெரியும். ஏரி நுரையைக் கண்டுபிடிக்க பாக்டீரியா செய்கிற பெங்களூர் டீமில் இருக்கிறாளே, அந்த மமதா. ஏரித் தண்ணீரில் சோப்பு இருந்தால் பாக்டீரியா அதைக் கண்டுகொள்வது எங்கள் பிள்ளைகள் பொறுப்பு. கண்டுகொண்டதும் நிறம் மாறுவது கோயம்புத்தூர் டீமான உங்கள் பொறுப்பு. இரண்டையும் சேர்த்து உலகப் போட்டிக்குக் கொண்டுபோகிறீர்கள். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். இதுவே மமதா நாலு தடவை சொல்லிப் புரிந்தது.

நீங்கள் அந்த நிறச் சமாச்சாரத்தை ஒரு தாளில் வைத்து அனுப்பினீர்கள். கல்லூரிக்குத் தொடர்ந்து லீவு என்பதால் கவர் எங்கள் வீட்டு முகவரிக்கு வந்தது. போன வாரம் மமதா போனில் கத்திக்கொண்டிருந்தாள். "நாலு வட்டத்துல மூணுல ஒண்ணுமே வளரல. நாலாவதுல பச்சை வர்ற எடத்துல சிவப்பு வருது. இன்னா அர்த்தம் அதுக்கு? அந்தப் பார்கவி தூங்கிக்கிட்டே வேலை செஞ்சிருக்கா." இனி உங்களோடு சேர்ந்து செய்ய வேண்டாம் என்று பேச்சு நடக்கிறது.

மேடம், நீங்கள் தூங்கவில்லை. நான்தான் நன்றாக விழித்திருந்து கெடுத்தேன்.

என் மனைவி எல்லம்மா மூன்று வருடமாக மஸ்கட்டில் ஒரு வயதான தம்பதியைப் பார்த்துக்கொள்கிறாள். எங்கள் வீட்டில் மாரியம்மனும் உண்டு, வியாழக்கிழமையானால் குழந்தை ஏசுவும் உண்டு. விவேக் நகரில் பாதி வீடு அப்படித்தான். மமதாவுக்குப் பரீட்சை என்றால் எல்லம்மா ஹால் டிக்கெட்டை வியாழக்கிழமை குழந்தை ஏசு கோயிலுக்கு எடுத்துப்போய்த் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வருவாள். பெரிய பரீட்சை என்றால் ஒன்பது வியாழன் விடாமல் போவாள். உங்கள் கவர் வந்தது புதன்கிழமை. மறுநாள் வியாழன். அவள் இல்லாத குறைக்கு நான் போய் ஒரு பாட்டிலில் தீர்த்தம் பிடித்து வந்தேன்.

கவர் மேல் தெளித்தால் உள்ளே போகாதே என்று தாளை வெளியே எடுத்தேன். வெள்ளைத் தாள், பென்சிலில் நாலு வட்டம், வட்டத்துக்குள் ஒன்றுமில்லை. இனிமேல்தான் அதில் ஏதோ வைப்பார்கள் போல என்று நினைத்தேன். தாராளமாகத் தெளித்தேன். ஃபேனுக்கு அடியில் காயவைத்தேன். தாள் சுருங்கிவிட்டது. மகள் கேட்பாளே என்று இஸ்திரி போட்டேன். திரும்பக் கவரில் வைத்து ஒட்டினேன். ஒட்டியது மட்டும் சுத்தமான வேலை.

இன்னொரு தாள் அனுப்ப முடியுமா? மமதாவிடம் மட்டும் சொல்ல வேண்டாம். அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. கன்னடமும் இங்கிலீசும்தான். அதனால் பதிலை வீட்டுக்கே எழுதலாம், பயமில்லை. கவரில் இருந்த உங்கள் முகவரியை என் வேனில் வரும் பாலசுப்ரமணியன் சார் படித்துச் சொன்னார். போன் நம்பர் கேட்கவில்லை. போனில் பேசினால் நான் சிரித்தே மழுப்பிவிடுவேன்.

இப்படிக்கு,
இராஜமாணிக்கம்

*

மகளிர் விடுதி, கோயம்புத்தூர்
5.9.2025

இராஜமாணிக்கம் அங்கிளுக்கு,

என்னை மேடம் என்று எழுதாதீர்கள். எனக்கு இருபது வயது.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை சிரித்தேன். இரண்டாம் முறை 'தாராளமாக' என்ற சொல்லுக்குக் கீழே கோடு போட்டேன். மூன்றாம் முறை படித்ததும் கடிதத்தை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

வட்டத்துக்குள் ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். என் இரண்டு மாத வேலை அதற்குள்தான் இருந்தது. மரபணுத் துணுக்குகளைத் தண்ணீரில் கரைத்து, ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு சொட்டு விட்டு உலர்த்துவோம். காய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. அந்தப் பக்கம் இருப்பவர்கள் வட்டத்தை வெட்டி மறுபடி நனைத்தால் அது வெளியே வரும். நீங்கள் அதற்கு முன்பே நனைத்துவிட்டீர்கள். ஒரு வட்டத்தில் இருந்தது இன்னொன்றுக்கு ஓடியிருக்கிறது. அதுதான் அந்தச் சிவப்பு.

இங்கே என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். எங்கள் டீம் தலைவன் ஹரிஷ்குமார் எல்லார் முன்னாலும் கேட்டான்: "பார்கவி, நீ லேபிள் மாத்தி ஒட்டிட்டியா, இல்ல வேலையே செய்யலியா? ரெண்டுல எது?" இரண்டும் இல்லை என்றேன். அப்படியானால் எப்படி என்றான். ஆய்வகச் சாவியை வாங்கிக்கொண்டான். பத்து நாளாக என் குறிப்பேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டி என் தவறை நானே தேடிக்கொண்டிருக்கிறேன். மெஸ்ஸில் நான் போய் உட்கார்ந்தால் பேச்சு நிற்கிறது. கடைசியில் என் கையையே நம்பாமல் போய்விட்டேன் அங்கிள். உப்பு போடும்போதுகூட சரியாகத்தான் போடுகிறேனா என்று யோசிக்கிறேன்.

இப்போது நீங்கள் மமதாவிடம் சொல்லாதே என்கிறீர்கள்.

சக மாணவி ஒருத்தியின் சாவியை வாங்கிப் புதிய தாள் தயார் செய்துவிட்டேன். தனிக் கவரில் கூரியரில் வரும். மமதாவிடம் கொடுங்கள். கவரைத் திறக்காதீர்கள். 15ஆம் தேதிக்குள் நடந்ததை நீங்களே அவளிடம் சொல்ல வேண்டும்.

ஒரு கேள்வி. கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். எத்தனை சொட்டு தெளித்தீர்கள்? இஸ்திரிப்பெட்டி எவ்வளவு சூடு?

பார்கவி

*

விவேக் நகர்
10.9.2025

அம்மா பார்கவிக்கு,

மேடம் வேண்டாம் என்றாய். அம்மா என்று எழுத அனுமதி கேட்கவில்லை, எழுதிவிட்டேன்.

முதலில் உன் கேள்விக்குப் பதில். சொட்டு எண்ணவில்லை. வலது கை விரல் ஐந்தையும் பாட்டில் மூடியில் நனைத்து மூன்று தடவை உதறினேன். எல்லம்மா மூன்று தடவைதான் உதறுவாள். இஸ்திரிப்பெட்டி 'சில்க்'கில் இருந்தது. காட்டனில் வைக்காத அளவுக்கு எனக்கும் அறிவு உண்டு.

உன் கடிதத்தில் உப்பு போடுகிற இடத்தைப் படித்துவிட்டு வேனை விட்டு இறங்கி அந்தப் பார்க்கிங்கை இரண்டு சுற்று சுற்றினேன். செக்யூரிட்டி வந்து ஏதாவது தொலைந்துவிட்டதா என்று கேட்டார்.

கவரை நான் தொடவே இல்லை. கூரியர்காரரை வாசலில் நிற்க வைத்து, மமதாவைக் கூப்பிட்டு, அவள் கையிலேயே வாங்கச் சொன்னேன்.

இனி எழுதுவதற்கு நீ என்னை என்ன சொன்னாலும் தகும். அன்றைக்கே சொல்ல நினைத்தேன். அவளுக்குத் தலைவலி. மறுநாள் எனக்குத் தலைவலி. மூன்றாம் நாள் இருவருக்கும் நன்றாக இருந்தது. அன்று வாயைத் திறந்து, "அந்தக் கோயம்புத்தூர்ப் பொண்ணு பாவம்மா, கேக்காமலே இன்னொண்ணு அனுப்பியிருக்கு பாரு, நல்ல மனசு" என்றேன். அடுத்த வாக்கியம் என் கதை. அதற்குள் அவள் சொன்னாள்: "நல்ல மனசு இல்லப்பா. தப்பு தன்னுதுன்னு ஒத்துக்கிட்டா. இல்லன்னா எதுக்கு அனுப்பப் போறா?"

அடுத்த வாக்கியத்துக்குப் பதில் அவள் தட்டில் ரசம் ஊற்றினேன். பாதி சொல்லப் போய், சொல்லாமலே இருந்ததைவிடக் கெடுத்துவிட்டேன். வேன் ஓட்டுகிறவன் வளைவில் பாதியில் பிரேக் போடக் கூடாது. எனக்கு இது முப்பது வருடமாகத் தெரியும்.

என் பயம் என்ன தெரியுமா? வீட்டில் இருப்பது நானும் அவளும். அவள் வருவது சாப்பிட, தூங்க. சாப்பிடும்போது பத்து நிமிடம் பேசுவாள். அந்தப் பத்து நிமிடமும் போய்விட்டால் எனக்கு இந்தப் பார்க்கிங்தான் மிச்சம். 15க்குள் சொல்லிவிடுவேன்.

இராஜமாணிக்கம்

*

கோயம்புத்தூர்
16.9.2025

அங்கிள்,

15 முடிந்துவிட்டது.

இரண்டாவது தாள் வேலை செய்தது. நாலு வட்டத்திலும் நாலு நிறம். உங்கள் மகளின் டீம் எங்களுக்கு மெயில் அனுப்பியிருக்கிறது: தவறைத் திருத்திக்கொண்டதற்கு நன்றி, கூட்டு வேலை தொடரும். ஹரிஷ்குமார் அதைச் சத்தமாக வாசித்தான். வாசித்துவிட்டு என்னைப் பார்த்து, "பரவால்ல விடு, எல்லாருக்கும் நடக்கிறதுதான்" என்றான். திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. போட்டி மேடையில் பேசுவதாக இருந்தவள் நான். இப்போது அந்த இடத்தில் வேறு பெயர் இருக்கிறது.

உங்கள் கடிதம் என் இழுப்பறையில்தான் இருக்கிறது. எடுத்துக் காட்டினால் ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். இரண்டு முறை கையில் எடுத்தேன். மமதாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. நான்தான் போனில் அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். மாரியம்மனும் உண்டு, குழந்தை ஏசுவும் உண்டு என்று உங்கள் குரலில் நான் வாசிக்க முடியாது. அது உங்கள் வேலை.

என் அப்பாவும் தவறு செய்வார். வீட்டில் யார் கிட்டத்தில் நிற்கிறார்களோ அவர்கள் மேல் அதைப் போட்டுவிட்டுப் போவார். ஒரு தடவைகூட 'நான்தான் செய்தேன்' என்று எழுதிக் கொடுத்ததில்லை. அதனால்தான் இவ்வளவு நாள் பொறுத்தேன்.

எனக்குப் பதில் எழுத வேண்டாம். அவளிடம் பேசுங்கள்.

பார்கவி

*

விவேக் நகர்
20.9.2025

அம்மா பார்கவிக்கு,

பதில் எழுத வேண்டாம் என்றாய். சொல்லிவிட்டேன் என்று சொல்வதற்காவது எழுத வேண்டுமே.

நேற்றுக் காலை உன் கடிதம் வந்தது. இன்று சனிக்கிழமை, ஆபீஸ் கிடையாது. கல்லூரியில் இறக்கிவிடுகிறேன் என்று அவளைக் காலி வேனில் ஏற்றிக்கொண்டேன். முன் சீட்டில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொம்மலூர் தாண்டியதும் ஆரம்பித்து, இந்த முறை நடுவில் பிரேக் போடாமல் முழுக்கச் சொன்னேன். இஸ்திரி வரைக்கும்.

போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். பிறகு, "வண்டிய நிறுத்துப்பா" என்றாள்.

"இங்க நிறுத்த முடியாதும்மா, ஃப்ளைஓவர்."

"நீ ஓரங்கட்டு."

ஓரங்கட்டினால் இறங்கிப் போய்விடுவாளோ என்று பயந்து மெதுவாகவே போனேன். ஃப்ளைஓவர் முடிந்ததும் ஓரங்கட்டினேன். கதவைத் திறந்துகொண்டு நின்றாள்.

"ஒரு போன் பண்ணிக் கேக்கத் தோணலியா உனக்கு? இத நனைக்கலாமான்னு ஒரு வார்த்தை?"

"கேட்டா வேணாம்னு சொல்லிடுவியேம்மா."

அதற்கு அவள் சிரிக்கவில்லை. பழைய மமதாவாக இருந்தால் சிரித்திருப்பாள். "அந்தப் பொண்ண நான் என்னென்ன பேசியிருக்கேன் தெரியுமா? மூணு வாரமா நீ பக்கத்துல உக்காந்து சோறு போட்டுக்கிட்டு கேட்டுக்கிட்டுதான இருந்த?" என்றாள். அதுதான் விஷயம். தண்ணீர் தெளித்ததை மன்னித்துவிடுவாள் போலிருக்கிறது. சோறு போட்டுக்கொண்டே கேட்டதை மன்னிக்க மாட்டாள்.

மத்தியானம் வீட்டுக்கு வந்து பையில் துணி எடுத்துக்கொண்டு, போட்டி முடிகிற வரை ஸ்னேஹாவோடு தங்குகிறேன் என்று போய்விட்டாள். ஸ்னேஹா அவள் டீம் பெண், கல்லூரிப் பக்கத்தில் பி.ஜி. விடுதியில் இருக்கிறாள். போகும்போது உன் முழுப் பெயர் என்ன, இனிஷியல் என்ன என்று கேட்டாள். உனக்கு எழுதத்தான் என்று நினைக்கிறேன்.

நாளை ஞாயிறு. எல்லம்மா மஸ்கட்டிலிருந்து கூப்பிடுவாள். மமதா எங்கே என்பாள். குளிக்கிறாள் என்று சொல்ல உத்தேசம். அடுத்த ஞாயிறும் குளிக்கிறாள் என்றால் அவளுக்குச் சந்தேகம் வரும். எங்கள் தெருவில் தண்ணீர் அவ்வளவு வராது.

வீட்டில் மூன்று தட்டு இருக்கிறது. ஒன்றைத்தான் கழுவுகிறேன். மற்ற இரண்டும் சுத்தமாகத்தான் இருக்கின்றன, ஆனாலும் எடுத்து ஒரு தடவை துடைத்து வைத்தேன். இதை நகைச்சுவையாக எழுதத்தான் பேனாவை எடுத்தேன். வரவில்லை.

உன் சாவி கிடைத்ததா?

இராஜமாணிக்கம்

*

கோயம்புத்தூர்
26.9.2025

அன்புள்ள அங்கிள்,

கிடைத்தது.

மமதா இரண்டு டீமுக்கும் சேர்த்து மெயில் அனுப்பினாள். உங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. "என் வீட்டில் வைத்துத் தாள் நனைந்தது, பொறுப்பு என்னுடையது" என்று மட்டும் எழுதியிருந்தாள். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். முதல் பத்து நிமிடம் மன்னிப்பு. அடுத்த பத்து நிமிடம் இஸ்திரிப்பெட்டி. இருவரும் மூச்சு முட்டச் சிரித்தோம். பிறகு அவள் அழுதாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

ஹரிஷ்குமார் சாவியை என் மேசையில் வைத்துவிட்டு, "சரி" என்றான். அவ்வளவுதான். மேடையில் என் பெயர் திரும்ப வந்துவிட்டது. மெஸ்ஸில் மட்டும் இன்னும் பேச்சு நிற்கிறது. இப்போது அவர்களுக்குக் கூச்சம் போலிருக்கிறது. நான் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுப் பழகிவிட்டேன். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு செய்தி. உலகம் முழுக்க மாணவர்கள் இப்படித் தாளில்தான் தபாலில் அனுப்பிக்கொள்கிறார்கள். மழையில் நனைந்தால், யாராவது தண்ணீர் கொட்டினால் எவ்வளவு கெடும், எவ்வளவு தப்பும் என்று நாங்கள் தேடியவரை ஒருவரும் அளந்து எழுதி வைக்கவில்லை. நாங்கள் இரண்டு டீமும் சேர்ந்து அளக்கப் போகிறோம். நான் தாள் தயார் செய்து அனுப்புவேன், அங்கே நனைப்பார்கள். மமதாவின் யோசனை இது. நடந்தது நடந்தபடியே திரும்ப நடக்க வேண்டும் என்கிறாள்: அதே தண்ணீர், அதே கை, அதே இஸ்திரிப்பெட்டி.

அவள் உங்களிடம் வருவாள். அவளுக்கு இன்னும் கோபம் இருக்கிறது, வேலைக்காகத்தான் வருவாள். வந்தால் அதிகம் சிரிப்புக் காட்டாதீர்கள்.

பார்கவி

*

விவேக் நகர்
4.10.2025

அம்மா பார்கவிக்கு,

வந்தாள்.

புதன்கிழமை ஆயுத பூஜைக்கு வேனைக் கழுவி, மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, வாசலில் தனியாகப் பூசணிக்காய் உடைத்தேன். வருடா வருடம் சிதறியதைப் பெருக்குவது மமதா. இந்த வருடம் நானே உடைத்து நானே பெருக்கினேன். அன்று சாயங்காலம் அவளிடமிருந்து போன். "அப்பா, நாளைக்கு வியாழக்கிழமை. தீர்த்தம் வேணும். அதே மாதிரி பாட்டில்ல. அப்புறம் நீயும் வரணும், இஸ்திரிப்பெட்டி எடுத்துக்க." வைத்துவிட்டாள்.

கல்லூரி கேட்டில் என் பெயர் எழுதி, வந்த காரணம் என்ற கட்டத்தில் 'தண்ணீர் தெளிக்க' என்று எழுதினேன். காவலாளிக்குத் தமிழ் தெரியாததால் உள்ளே விட்டுவிட்டார்.

உள்ளே அவர்கள் எல்லாம் வெள்ளைக் கோட்டு, கையுறை. எனக்கும் கோட்டு கொடுத்தார்கள். கையுறை கேட்டேன். மமதா தரவில்லை.

"அன்னிக்குக் கை கழுவினியா?"

"இல்லம்மா."

"அப்போ இன்னிக்கும் கழுவாத."

ஸ்னேஹா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை, நீ சொன்னாய் என்பதற்காக. இஸ்திரிப்பெட்டியில் முந்தின நாள் வைத்த குங்குமப் பொட்டு இருந்தது. "அன்னிக்கு இது இருந்துச்சா?" என்றாள். இல்லை என்றதும் பஞ்சால் துடைத்துவிட்டாள். பூஜைப் பொட்டை அழிக்கலாமா என்று வாய் வரை வந்தது. வாய்க்கு இப்போதெல்லாம் நல்ல பயிற்சி.

உன் தாள்கள் மேசையில் வரிசையாக இருந்தன. சிலதுக்குத் தீர்த்தம், சிலதுக்குக் குழாய்த் தண்ணீர், சிலதுக்கு ஒன்றும் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் மூன்று உதறல். முதல் தாளில் விரலை மூடியில் நனைத்துவிட்டு உதறாமல் நின்றேன். "அப்பா, அம்மா மாதிரி பண்ணு, யோசிக்காத" என்றாள். எல்லம்மாவை நினைத்துக்கொண்டு உதறினேன். அப்புறம் கை தானாகப் போனது. நான் உதற உதற அவள் நேரத்தைச் சொல்லி எழுதிக்கொண்டே வந்தாள். எஸ்.எஸ்.எல்.சி.யில் இரண்டு தடவை கோட்டை விட்டவன் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் நின்று வேலை செய்தேன் அம்மா. செய்த வேலை, முன்பு வீட்டில் கெடுத்த அதே வேலை.

முடிந்ததும் காகிதத்தில் கையெழுத்துப் போடச் சொன்னாள். தமிழில் போட்டேன். அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுல எதுப்பா மாணிக்கம்?" என்றாள். விரல் வைத்துக் காட்டினேன். பக்கத்திலேயே கன்னடத்தில் என் பெயரை எழுதிக்கொண்டாள்.

வெளியே வந்து இஸ்திரிப்பெட்டியை அவளே வேனில் வைத்தாள். ஏறுவாள் என்று முன் சீட்டைத் துடைத்து வைத்திருந்தேன். ஏறவில்லை. "சாப்டியா?" என்று மட்டும் கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன். அப்போது மணி நாலு, நான் சாப்பிடவில்லை. "அடுத்த வியாழனும் வரணும்பா. அதுக்கு அடுத்ததும். மூணு தடவை பண்ணாத்தான் நம்புவாங்க" என்று சொல்லிவிட்டு ஸ்னேஹாவோடு போய்விட்டாள்.

அதனால் உன்னிடம் ஒரு விஷயம் கேட்க வேண்டும். எனக்கு உங்கள் விஞ்ஞானம் தெரியாது. மூன்று தடவை போதும் என்கிறாள் மமதா. ஒன்று முடிந்துவிட்டது, இன்னும் இரண்டு வியாழன்தான் பாக்கி. போட்டிக்கும் அதற்குமேல் நாள் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் பக்கத்தில் எந்தக் காரியமானாலும் ஒன்பது வியாழன் செய்வதுதான் வழக்கம். போட்டி முடிந்த பிறகும் செய்யலாம், தப்பில்லை. நான் சொன்னால் கேட்க மாட்டாள். நீ சொன்னால் கேட்பாள். மூன்று போதாது, ஒன்பது வேண்டும் என்று அவளுக்கு ஒரு வார்த்தை எழுதுவாயா?

இப்படிக்கு,
இராஜமாணிக்கம்